மாதிரி ரயில் எஞ்சின் நின்றால்: பழுது டிகோடரில்தானா?

வேடந்தாங்கலுக்குச் செல்வோர் இறங்கும் படாளம், மதுராந்தகம் நிலையங்கள் அமைந்துள்ள பாதை, இந்தியாவில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் பெற்ற ஒரே மீட்டர் கேஜ் தடமான சென்னைக் கடற்கரை–விழுப்புரம் தடத்தின் பகுதியாக ஒரு காலத்தில் விளங்கியது. 1960-களில் ஜப்பானிலிருந்து வந்த ஒய்.ஏ.எம்.-1 வகை மின்சார எஞ்சின்கள் அத்தடத்தில் ஓடியபோது, மேலே செல்லும் கம்பியின் மின்னழுத்தம் எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக இருக்க, அதிலிருந்து எவ்வளவு ஆற்றலை எடுப்பது என்பதை அந்தந்த எஞ்சினின் ஓட்டுநரே முடிவு செய்தார். இத்தகைய எஞ்சினை 87-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கி, 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓட்ட விரும்பும் ஆர்வலருக்கு நெடுங்காலம் இந்த வசதி கிட்டவில்லை. பழைய முறையில் தண்டவாளத்துக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்துமே வேகம் மாற்றப்பட்டதால், ஒரே தடத்தில் நிற்கும் இரண்டு எஞ்சின்களும் ஒருசேரப் புறப்பட்டு ஒருசேர நின்றன.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய அடிப்படையில், அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் ஏற்றுக்கொண்ட எண்முறைக் கட்டுப்பாட்டுத் தரம் இக்குறையைப் போக்கியது. இதில் தண்டவாளத்தில் ஏறக்குறைய 14 முதல் 16 வோல்ட் வரையிலான மின்னழுத்தம் எப்போதும் நிலையாக இருக்கிறது. அதன் திசை மட்டும் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறுகிறது. ஒரு திசையில் அது ஏறத்தாழ 58 மைக்ரோநொடி நீடித்தால் ‘1’ என்றும், 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ நீடித்தால் ‘0’ என்றும் கொள்ளப்படுவதால், எஞ்சினுக்கு வேண்டிய ஆற்றலும் அதற்கான கட்டளையும் ஒரே இரு தண்டவாளங்களின் வழியே சென்று சேர்கின்றன. எஞ்சினுக்குள் பொருத்தப்படும் டிகோடர் என்னும் சிறு மின்சுற்றுப் பலகை, தன் முகவரி எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் பிரித்தறிந்து மோட்டாரையும் விளக்குகளையும் இயக்குகிறது. அவ்வகையில் அதுவே எஞ்சினின் ஓட்டுநர்.

ஆற்றலும் செய்தியும் ஒரே வழியில் வருவதால், அவ்வழியில் எங்கு தடை ஏற்பட்டாலும் டிகோடரே செத்துவிட்டதைப் போன்ற தோற்றம் உண்டாகிறது. எனவே பழுதைத் தேடுபவர் மின்சாரம் செல்லும் வரிசையிலேயே, தண்டவாளத்தில் தொடங்கிச் சக்கரம், கம்பி, மோட்டார், அமைப்பு எண்கள் எனச் சென்று, டிகோடரை இறுதியாகவே ஐயுற வேண்டும்.

முதலில் சோதிக்க வேண்டியது தண்டவாளம். மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோகப் பரப்பை விரைவில் மங்கச் செய்கிறது. இதோடு சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தோன்றும் நுண்ணிய மின்பொறிகளால் படியும் கரிய அழுக்கும் சேர்ந்து மின்தொடர்பை அடிக்கடி துண்டிக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தாலே பல எஞ்சின்கள் மீண்டும் ஓடத் தொடங்கும். முரட்டு உப்புத்தாளால் தேய்ப்பதோ கீறல்களை உண்டாக்கி மேலும் அழுக்கு சேரவே வழிசெய்யும். அடுத்து, தடத்தின் கடைக்கோடியில் ஒரு ரூபாய் நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். மின்வழங்கும் கருவி உடனே தன்னைத் துண்டித்துக்கொண்டால் கம்பி இணைப்புகள் போதுமானவை. துண்டிக்காவிட்டால் கம்பிகள் மெலிந்தவை அல்லது இணைப்புகள் தளர்ந்தவை என்று பொருள். அத்தகைய தடத்தில் எஞ்சின் தடம்புரண்டு குறுக்குச்சுற்று ஏற்படும்போது மின்சாரம் நிற்காமல் பாய்ந்து, சக்கரங்களையும் டிகோடரையும் சுட்டெரிக்கக்கூடும்.

தடம் பிரியும் பாயின்ட்டுகளைக் கடக்கும்போது மட்டும் எஞ்சின் திக்கி நிற்பதற்குக் காரணம் வேறு: அங்கே சிறிது தொலைவுக்கு மின்தொடர்பு விட்டுப்போகிறது. உண்மையான மின்சார எஞ்சின், மேற்கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்‌ஷனைத் தன் எடையின் உந்தத்தாலேயே கடந்துவிடுகிறது. சில நூறு கிராமே எடையுள்ள மாதிரி எஞ்சினுக்கு அந்த உந்தம் இல்லை. ஆகவே எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதும், டிகோடர் இடமளித்தால் நொடிப்பொழுது மின்சாரத்தைச் சேமித்துத் தரும் மின்தேக்கியை இணைப்பதும் தீர்வாகும்.

தண்டவாளம் குறையற்றதாயின், டிகோடரைக் கழற்றி, அதன் இடத்தில் நேரிணைப்புச் செருகியைப் பொருத்தி, எஞ்சினைப் பழைய முறையில் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் குற்றம் டிகோடரில் இல்லை; மோட்டாரிலோ பற்சக்கரங்களிலோ மின்சாரம் எடுக்கும் கம்பிகளிலோ இருக்கிறது. பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு இணைந்திருப்பது வழக்கமாதலால், டிகோடர் பொருத்துமுன் மோட்டார் முனைகளுக்கும் சக்கரங்களுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதி செய்வது இன்றியமையாதது. மோட்டார் சுழல முடியாமல் தடுக்கப்படும்போது இழுக்கும் மின்னோட்டம் டிகோடரின் தாங்குதிறனைக் கடக்கக் கூடாது.

கம்பிகளின் நிறமும் உதவுகிறது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் கொணர்பவை, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குச் செல்பவை, வெள்ளை முன்விளக்குக்கும் மஞ்சள் பின்விளக்குக்கும் உரியவை, நீலம் விளக்குகளுக்குப் பொதுவானது. எட்டு முனைச் செருகியைத் திருப்பிப் பொருத்திவிட்டால், எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும், விளக்குகள் எரியா. அதனைக் கழற்றித் திருப்பிச் செருகினால் போதும்.

எஞ்சியிருப்பது சி.வி. எனப்படும் அமைப்பு எண்களின் பிழை. சி.வி. 1 எஞ்சினின் முகவரியைக் குறிக்கிறது. புதிய டிகோடரில் அது பெரும்பாலும் 3. இரு எஞ்சின்களைச் சேர்த்து ஓட்டியபின் சி.வி. 19-இல் பழைய கூட்டு முகவரி நீங்காதிருந்தால், எஞ்சின் தன் சொந்த முகவரிக்கான ஓட்டக் கட்டளையை ஏற்காது. சி.வி. 29 பல தெரிவுகளின் கூட்டுத்தொகை: அதில் 2 என்பது 28 வேகப்படிகளையும், 4 என்பது நேர்மின்சார ஓட்டத்தையும், 32 என்பது நீண்ட முகவரியையும் அனுமதிக்கின்றன. வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், கட்டளை அனுப்பும் கருவியின் வேகப்படிகளும் டிகோடரின் வேகப்படிகளும் பொருந்தவில்லை என்று பொருள். மின்சாரம் வந்தவுடன் எஞ்சின் தானே பாய்ந்தோடினால் நேர்மின்சாரத் தெரிவை நீக்க வேண்டும். குழப்பம் மிகுந்தால், பல தயாரிப்புகளில் சி.வி. 8-இல் 8 என்று எழுதி அனைத்தையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம்.

இவ்வளவுக்குப் பின்னும், நிரலிடும் தனித்தடத்தில் மோட்டாரோடு முறையாக இணைந்த நிலையிலும் டிகோடர் விடை தராவிட்டால், அல்லது பலகையில் கருகிய தடம் தெரிந்தால், அது பழுதானது என்று கொள்ளலாம். எனினும் டிகோடர் பெரும்பாலும் தானாகக் கருகுவதில்லை. சட்டத்தைத் தொட்ட கம்பியோ, மிகையாக இழுக்கும் மோட்டாரோ, துண்டிக்காத மின்வழங்கியோ அதைக் கருகச் செய்கிறது. அக்காரணத்தைக் கண்டு நீக்காமல் புதியதைப் பொருத்துபவர், சில நிமிட ஓட்டத்துக்குள் அதனையும் இழக்க நேரும்.