நின்றது எந்த இடத்தில்?

1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங்கின் கேமரன் மலைப் பிரதேசத்தைக் கண்டு குறித்துச் சென்றபோதும், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோதும், இங்கே கொழுந்து கிள்ள வந்த தமிழரின் சந்ததியார் ஒரு காலத்தில் லயத்து வீட்டில் அமர்ந்து, கற்பனை யுத்தகளத்தில் தாம் ஆடிய ஆட்டத்தைப் படமாகத் தொகுத்து உலகத்துக்கு அனுப்புவார்கள் என்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ ஆட்டத்தின் முதல் உலகப் போட்டியே 2019-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆகையால் இந்த ஆசையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்புக்குரியது, இரவெல்லாம் கண்விழித்து வெட்டி ஒட்டிய படத்தை ‘ரெண்டர்’ செய்யச் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனவன் திரும்பி வந்து பார்க்கும்போது, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மென்பொருள் எண்பதோ தொண்ணூறோ சதவீதம் வரை சென்று, காரணம் ஒன்றும் சொல்லாமல் தானே மூடிக்கொண்டிருப்பதுதான்.

இத்தகைய சமயத்தில் கடைக்காரர் புதிய கிராபிக்ஸ் கார்டைச் சிபாரிசு செய்வார். நண்பர் வேறு மென்பொருளைச் சிபாரிசு செய்வார். இரண்டும் அவசர யோசனைகள் என்பது என் அபிப்பிராயம். ஒரு வெள்ளிகூடச் செலவிடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: திரும்பத் திரும்ப முயலும்போது வேலை ஒரே இடத்தில் நிற்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறதா? ஒரே இடமானால் குற்றம் பெரும்பாலும் கோப்பில் இருக்கும். இடம் மாறிக்கொண்டே போனால் யந்திரத்தின்மேல் சந்தேகம் கொள்ளலாம். சதவீதக் கோட்டை நம்பாமல், எந்த நிமிடத்து எந்த வினாடியின் காட்சி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது நலம்.

மணிக்கணக்கில் ஆட்டத்தைத் தடையின்றி ஓட்டும் கணினி, அதே ஆட்டத்தின் பதிவைத் தொகுத்து எழுதும்போது மட்டும் ஏன் விழுந்துவிடுகிறது? முழு எச்.டி. படத்தின் ஒரு சட்டகத்தில் 1920-க்கு 1080 வீதம் 2,073,600 புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு சட்டகம் ஆறு மெகாபைட்டுக்கு மேல். வினாடிக்கு 60 சட்டகங்கள் என்றால் சுமார் 373 மெகாபைட். பத்து நிமிடப் படம் சுருக்கப்படாமல் இருந்தால் 220 கிகாபைட்டைத் தாண்டிவிடும். தேயிலை ஆலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலிக்கும் வரிசையில் ஓரிடத்தில் வேலை தடைப்பட்டால் அதற்கு முந்திய இடத்தில் கொழுந்து குவிந்துபோவது போல, பதிவை வட்டிலிருந்து வாசித்து, அதன் சுருக்கத்தை விரித்து, எழுத்தும் வண்ணமும் சேர்த்து, மறுபடியும் சுருக்கி, வட்டில் எழுதும் இந்த வரிசையிலும் ஒன்று தாமதித்தால் மற்றதன் பாரம் நினைவகத்தில் குவிகிறது. ஆட்டத்தின்போது பெரும்பாரம் கிராபிக்ஸ் கார்டின்மேல் மட்டும் விழும். ரெண்டரிங்கிலோ செயலி, நினைவகம், வட்டு, கார்டு ஆகிய யாவும் சேர்ந்தாற்போல், ஓய்வென்பதே இல்லாமல் உழைக்கின்றன.

இவற்றுள் மிகக் கடினமான காரியம் சுருக்குதல். அதன் அஸ்திவாரம், 1974 ஜனவரியில் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் வெளியிட்ட கொசைன் உருமாற்றக் கணிதம். பெங்களூரில் பிறந்த அகமது 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் இந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி கேட்டு, அது மறுக்கப்பட்டது என்பதையும், இன்று கைப்பேசியில் படம் பார்க்கும் எவரும் அந்த மறுக்கப்பட்ட யோசனையின் பலனையே அனுபவிக்கிறார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2003-இல் வந்த எச்.264 முறை அக்கணிதத்தின் வழியில், பெரும்பாலான சட்டகங்களில் முந்தியதற்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறது. பனி மூடிய தேயிலைச் சரிவை அசையாமல் நின்று படமெடுத்தால் எழுத வேண்டிய வித்தியாசம் சொற்பம். பிற்பகல் காற்றில் அதே சரிவின் இலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நடுங்கினால் அந்த வேலை பன்மடங்காகும். ஆட்டக் காட்சிகளில் மூலையில் கிடக்கும் வரைபடம் பெரும்பாலும் அசைவதில்லை. ஆனால் புல், புகை, தீப்பொறி, விசுக்கென்று திரும்பும் பார்வை ஆகியவை இலைகளையும் மிஞ்சிய தொல்லை தருவன.

இனி, ஒரே இடத்தில் நிற்கும் நோயைப் பார்ப்போம். படத்தை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே ரெண்டர் செய்து, நிற்கிற பாதியை மறுபடியும் இரண்டாக்கிக்கொண்டே போனால், குற்றமுள்ள துண்டு அகப்பட்டுவிடும். அத்துண்டில் ஒரு விசேஷ எஃபெக்ட் சேர்த்திருந்தால் அதை நீக்கிப் பார்க்க வேண்டும். துண்டு கைப்பேசியில் பதிவானதானால் வேறொரு காரணமும் உண்டு: கைப்பேசி தன் சௌகரியத்துக்கேற்ப வினாடிக்கு 60 சட்டகமும் எழுதும், 47-உம் எழுதும், சீரான வேகத்தை எதிர்பார்க்கும் மென்பொருள் இதனால் தடுமாறி, முதலில் ஒலியும் படமும் பிரிந்து, பிறகு வேலையே நிற்கக்கூடும். ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருளால் அப்பதிவைச் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொண்டு தொகுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பதிவுக் கோப்பே பாழாகிப்போவதும் உண்டு. மலையில் இடியும் மழையும் சகஜம். அவற்றோடு மின்தடையும் வந்துவிடும். சாதாரண எம்.பி.4 கோப்பு தன் உள்ளடக்க அட்டவணையைப் பதிவின் கடைசியில்தான் எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால் ஒரு மணி நேர ஆட்டமும் வாசிக்க இயலாத வெறும் எண்குவியலாகிவிடும். ‘ஓ.பி.எஸ்.’ மென்பொருள் கொண்டு கணினியில் பதிவு செய்பவர்கள் எம்.கே.வி. வடிவத்தைத் தேர்ந்துகொண்டால், மின்சாரம் போன கணம் வரைக்குமாவது படம் மிஞ்சும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. படம் எதுவானாலும் பதினொன்றரை நிமிடத்தில் வேலை நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்பது அவர் எதில் எழுதுகிறார் என்பதைத்தான். பழைய ‘ஃபாட்32’ முறையில் அமைந்த பென் டிரைவ் 4,294,967,296 பைட்டை எட்டும் எந்தக் கோப்பையும் ஏற்காது. வினாடிக்கு 50 மெகாபிட் வீதம் எழுதும் படம் ஏறக்குறைய அந்தப் பதினொன்றரை நிமிடத்தில்தான் இவ்வெல்லையைத் தொடுகிறது. பென் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதை ‘எக்ஸ்ஃபாட்’ முறைக்கு மாற்றினால் போதும். கார்டு வாங்கத் தேவையில்லை.

இடம் மாறி மாறி நிற்குமானால் முதல் சந்தேகம் உஷ்ணம். “நம் மலைக் குளிரில் கணினி சூடாகுமா?” என்று கேட்பார்கள். இம்மலையிலுள்ள தானா ராத்தா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய 84 சதவீதமே. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் எடை குறைவதால், சூட்டை ஏந்திக்கொண்டு போகும் சக்தியும் குறைகிறது. குளிரால் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கை மெல்லிய காற்று இப்படிப் பிடுங்கிக்கொள்ள, மிச்சத்தை ஈரம் பிடுங்குகிறது: பனிக்காற்றின் ஈரத்தோடு அடுப்புப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறிக்குப் பின்னுள்ள உலோகத் தகடுகளின் இடையில் கம்பளித் துணிபோலப் படிந்துவிடும். வருஷக்கணக்கில் திறக்கப்படாத மடிக்கணினியில் இதை நேரிலேயே காணலாம். மின்னிணைப்பை நீக்கி, அந்தத் தூசியைத் துடைத்தெடுத்த பிறகு, ரெண்டர் ஓடும்போது செயலியின் உஷ்ணத்தைக் கவனிக்க வேண்டும். நூறு டிகிரியை ஒட்டிப் போனால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்தே போகும்.

உஷ்ணம் சரியாக இருந்தும் நிற்குமானால் கார்டைச் சந்தேகிக்கலாம். கார்டு 2 வினாடிக்குள் பதிலளிக்காவிட்டால் அது செயலற்றுப்போனதாகக் கருதி விண்டோஸ் அதை மீட்டுத் தொடங்கும்; அதையே நம்பியிருந்த மென்பொருள் அந்தக் கணத்தில் மடிந்துவிடும். கார்டின் உதவியில்லாமல் செயலியை மட்டும் கொண்டு ஒருமுறை ரெண்டர் செய்து பார்த்து, மெதுவாகவேனும் முடிந்தால், கார்டின் ‘டிரைவர்’ மென்பொருளை மாற்ற வேண்டும். அப்போதும் நின்றால் ‘மெம்டெஸ்ட்86’ கொண்டு நினைவகத்தை இராமுழுதும் பரீட்சிக்கலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை இளைஞர்கள் பொறுமையின்மையால் மறந்துவிடுகிறார்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் குணம் கண்டவனுக்கு நோய் எதுவென்று தெரியாது.

எல்லாம் செய்தும் காரணம் அகப்படாமல், படத்தை நாளையே அனுப்பியாக வேண்டிய நிர்ப்பந்தமும் இருந்தால், அசைவுப்படக் கலைஞர்கள் கைக்கொள்ளும் உபாயம் ஒன்று உண்டு: படத்தை ஒரே கோப்பாக எழுதாமல், சட்டகத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் படங்களாக எழுதச் சொல்வது. பத்து நிமிடத்துக்கு 36,000 படங்கள் ஆகும். இருபதாயிரமாவதில் மென்பொருள் விழுந்தாலும் அதிலிருந்தே தொடரலாம். படத்துக்கு 3 மெகாபைட் என்று கொண்டாலும் நூறு கிகாபைட்டுக்கு மேல் வட்டில் இடம் வேண்டும். ஒலியையும் தனிக்கோப்பாக எடுத்துவைத்து, இறுதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.