அடுக்கு பழசு, யோசனை புதுசா?

ரெடிமேட் உணவு வரும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் சுவரைக் குறுக்காக வெட்டினால் பல சமயம் ஐந்து அடுக்கு தெரியும்: பாலிபுரோப்பிலீன், பசை, நடுவில் ஈவிஓஹெச் என்ற பிளாஸ்டிக், மறுபடி பசை, மறுபடி பாலிபுரோப்பிலீன். ஆக்சிஜனைத் தடுப்பதில் ஈவிஓஹெச் கெட்டி. ஈரம் ஏறினால் அந்தத் திறமை குறைந்துவிடும். அதனால்தான் நீரை எளிதில் விடாத அடுக்குகளுக்கு நடுவே அதைப் பொத்தி வைக்கிறார்கள். இந்த வரிசைக்கு இன்று ஒருவர் காப்புரிமை கேட்டால் தரக் கூடாது. குறையும் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அத்துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்குத் தானாகத் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது என்பதே அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, 1952-இல் வந்தது. அந்தச் சாதாரண ஆளை வெறும் இயந்திரமாக நினைக்காதீர்கள் என்று 2007-இல் கார் பெடல் பற்றிய கேஎஸ்ஆர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. ‘நடு அடுக்கு இத்தனை மைக்ரான்’ என்று எண்ணைப் பிடித்துக்கொண்டு வரும் விண்ணப்பங்களுக்கு இன்னும் பழைய பதில் இருக்கிறது: பொதுவான நிலைமைகள் தெரிந்த இடத்தில், சோதித்துச் சோதித்து நல்ல அளவைப் பிடிப்பது கண்டுபிடிப்பாகாது என்று 1955-லேயே ஆலர் வழக்கில் சொல்லியாகிவிட்டது. எதிர்பாராத விளைவு வந்தால்தான் பேச்சு மாறும்.

மூலப்பொருள் எல்லாம் பழசு என்றால் எந்த அடுக்குக்கும் காப்புரிமை கிடைக்காதே என்பார்கள். அப்படியில்லை. உணவை அடைத்தபின் கிண்ணத்தைச் சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைத்துக் கிருமி நீக்குவார்கள். அந்தச் சூட்டில் பாலிபுரோப்பிலீனையும் ஊடுருவி நீர் ஈவிஓஹெச்சை நனைக்கும். ஆறியபின் அதே பாலிபுரோப்பிலீன் ஈரத்தை வெளியே விடாது. வெளி அடுக்கைத் தடிமனாக்கலாம் என்று முதலில் தோன்றும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற அது இன்னும் நாளாக்கும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் கேன் நிறுவனத்தார் பசை அடுக்கிலேயே ஈரம் உறிஞ்சும் பொடியைக் கலந்தார்கள். நீரை வாசலில் தடுப்பதை விட்டு, வந்த நீரை வீட்டுக்குள்ளேயே பிடிக்கும் யோசனை இது. என் கணிப்பில் தானாகத் தோன்றக்கூடியதல்ல. மாத்திரை டப்பாவில் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று கேட்டால், விடை தெரிந்தபின் வழி சுலபமாகத்தான் தெரியும். 1966-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் ஆடம்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற மின்கலத்தையும் அரசுத் தரப்பு இப்படித்தான் பழைய பாகங்கள் என்று ஒதுக்கப் பார்த்தது. அது வேலை செய்யாது என்று நிபுணர்களே முன்பு சொல்லியிருந்ததைக் கவனித்து நீதிமன்றம் காப்புரிமையைக் காத்தது. ஆகவே அடுக்குகளை எண்ணுவதற்கு முன், விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். ஈவிஓஹெச் பக்கத்தில் உலர்த்தும் பொடியை வைக்கலாம் என்று அவற்றில் யாராவது குறிப்பு காட்டியிருந்தால், நான் மேலே சொன்ன கணிப்பும் நிற்காது.