லண்டன் குசினிக்குச் சில ஊர்க் கைமுறைகள்

லண்டனில் ஒரு வீட்டுக்குக் குடிபோய், புதிதாக வாங்கிய கேத்தலில் இரண்டு கிழமை தேநீர் போட்டவர்கள் எல்லோரும் அதன் அடியில் ஒரு வெள்ளைப் படிவைக் கண்டிருப்போம். ஆறிய தேநீரின் மேல் மெல்லிய ஆடை ஒன்றும் மிதக்கும். குழாய்த் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்று பயந்து, போத்தல் தண்ணீருக்கு மாறிய குடும்பங்களும் எம்மிடையே உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. அது வெறும் சுண்ணாம்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம். கிணற்று நீரில் அந்தக் கல் கரைந்தே வரும்; அங்கும் கேத்தலில் வெள்ளை படிந்தது. லண்டனின் குடிநீரில் பெரும் பகுதி தேம்ஸ், லீ ஆறுகளில் இருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறுகளுக்கு நீர் ஊறிவரும் குன்றுகளில் பல சுண்ணக் கல்லால் ஆனவை. ஒரு லீற்றர் தண்ணீரில் 200 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்பு இருப்பது இங்கே வழமை. கடல் கடந்து வந்தும் சுண்ணாம்புத் தண்ணீர் எம்மை விடவில்லை.

அம்மாவும் அம்மம்மாவும் புளி, உப்பு, தேசிக்காய், அப்பச்சோடா ஆகியவற்றைக் கொண்டே வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். அந்த முறைகள் இங்கும் உதவும். ஆனால் அங்கே திறந்த முற்றமும் வெயிலும் காற்றும் இருந்தன. இங்கே யன்னல் பூட்டிய அறையும், நிலத்துக்கடியில் ஓடும் கழிவுக் குழாயும் இருக்கின்றன. எனவே எது ஏன் வேலை செய்கிறது என்ற காரணத்தையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் இரண்டு பொருட்களைக் கலப்பது இங்கே சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கேத்தலும் கடலையும்

சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. ஊரில் பித்தளைக் குடத்தைப் பழப்புளி போட்டுத் தேய்த்ததற்கும் புளியின் அமிலத்தன்மையே காரணம். இங்கே மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினாகிரியும் அதே அளவு தண்ணீரும் கலந்து, கேத்தலின் படிவு மூடும்வரை ஊற்றி ஒரு மணித்தியாலம் விடுங்கள். கொதிக்க வைக்கத் தேவையில்லை. கொதித்தால் நுரைத்து வெளியே வழியும். சிறு குமிழ்கள் எழும்பினால் சுண்ணாம்பு கரைகிறது என்று பொருள். பிறகு நன்றாக அலசி, ஒரு முறை தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியே ஊற்றிவிட்டால் மணமும் போய்விடும். குளியலறைக் குழாயின் வாயில் படிந்த வெள்ளைக்கு, வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணித்தியாலம் விட்டால் போதும். மாபிள் போன்ற கல்லின் மேல் மட்டும் இதைப் பூச வேண்டாம். அந்தக் கல்லும் சுண்ணாம்புதான், அதுவும் கரையும்.

இதே சுண்ணாம்புத் தண்ணீரில் கொண்டைக்கடலை அவிய மறுக்கும். நீரில் உள்ள கல்சியம் கடலையின் தோலை இறுக்கிப் பிடிக்கிறது. இரவு ஊற வைக்கும்போது ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு, காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். அளவு கூடினால் கடலை சவர்க்கார ருசி காட்டும்.

மஞ்சள் கறையும் தோசை மாவும்

வெள்ளைச் சட்டையில் கறி பட்டவுடன் சவர்க்காரம் போட்டால் மஞ்சள் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கறை கூடிவிட்டது என்று பதறத் தேவையில்லை. மஞ்சளின் நிறப்பொருள் சவர்க்காரம் போன்ற காரப் பொருள் பட்டால் சிவக்கும். அலசினால் மீண்டும் மஞ்சளாகும். அந்த நிறப்பொருளுக்கு வெயில்தான் எதிரி. ஊரில் துவைத்த துணியைக் கொடியில் போட்டபோது பாதி வேலையை வெயிலே செய்தது. இங்கே துவைத்த ஈரத்துணியையும், மஞ்சள் ஏறிய பிளாஸ்ரிக் பெட்டியையும் வெளிச்சம் விழும் யன்னலோரம் இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். கோடையில் விரைவாக வெளுக்கும். பனிக்காலத்தில் பொறுமை வேண்டும்.

தோசை மா புளிக்காத கவலை பனிக்காலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் வேண்டும். இரவில் ஹீற்றர் அணைந்த குசினி அதைத் தராது. கேக் சுடும் அவணைப் போடாமல், மாச்சட்டியை அதனுள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு பாத்திரம் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். உள்விளக்கு எரிந்தால் இன்னும் நல்லது. சட்டியில் பாதிக்கு மேல் மா வேண்டாம், பொங்கும். முக்கியமாக, “உள்ளே மா இருக்கிறது” என்று ஒரு தாளில் எழுதி அவண் கதவில் ஒட்டுங்கள். காலையில் பிள்ளைகள் பீட்சா சுட அவணைப் போட்டு, சட்டியும் மாவும் சேர்ந்து வெந்த வீடுகள் ஒன்றிரண்டல்ல.

பொரித்த எண்ணெய் எங்கே போகிறது?

ஊரில் தேங்காய் எண்ணெய் எப்போதும் நீராகவே இருந்தது. இங்கே பனிக்காலத்தில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் அது உறையும். வடை பொரித்த எண்ணெயைச் சூட்டோடு சிங்கில் ஊற்றும்போது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால் நிலத்துக்கடியில் உள்ள குளிர்ந்த குழாயில் கொழுப்புத் தடித்துப் படிகிறது. எமது கடின நீரில் உள்ள கல்சியமும் அதனுடன் சேர்ந்து சவர்க்காரக் கட்டி போல இறுகுகிறது.

2017 இல் வைற்சப்பல் பகுதியின் கழிவுநீர்ச் சுரங்கத்தில் இப்படிப்பட்ட ஒரு கொழுப்புமலை கண்டுபிடிக்கப்பட்டது. நீளம் 250 மீற்றர், எடை ஏறக்குறைய 130 தொன். தொழிலாளர்கள் அதை வெட்டி அகற்றக் கிழமைக்கணக்கில் எடுத்தது. அதில் ஒரு துண்டு 2018 இல் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைக்கப்பட்டது.

எனவே எண்ணெய் ஆறியதும் வெறுமையான தேங்காய்ப்பால் பேணியில் ஊற்றி வையுங்கள். நிரம்பியதும் மூடிக் கட்டிக் குப்பையில் போடலாம். சட்டியைக் கழுவும் முன் பழைய தாளால் துடைத்துவிடுங்கள். சிங்கில் அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்த்து ஊற்றினால் அடைப்பு எடுபடும் என்று பலர் சொல்வார்கள். நுரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் ஒரு வகை உப்பும்தான். கொழுப்பு அப்படியே இருக்கும்.

எண்ணெயைப் பற்றி இன்னொன்று. பொரிக்கும் சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். சட்டியைத் தூக்கவும் வேண்டாம். முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, எல்லோரையும் வெளியேற்றி 999 ஐ அழையுங்கள்.

நீராவியும் பூஞ்சணமும்

எமது சமையல் ஆவிச் சமையல். புட்டு, இடியப்பம், சோறு எல்லாம் நீராவியில் ஆகின்றன. ஊரில் அந்த ஆவி ஓட்டிடுக்கால் போய்விடும். இங்கே குளிர்ந்த யன்னல் கண்ணாடியிலும் வெளிச்சுவரிலும் பட்டுத் தண்ணீராக இறங்குகிறது. அந்த ஈரம் காயாமல் இருக்கும் மூலையில் கறுத்தப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒரே அறையில் முழுக் குடும்பமும் படுத்து, அதற்குள்ளேயே துணியும் காயப்போட்ட காலத்தை எம்மில் பலர் கடந்து வந்திருக்கிறோம். இன்றும் அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

சமைக்கும்போது பானையை மூடுங்கள். குசினிக் கதவைச் சாத்தி யன்னலைக் கொஞ்சம் திறவுங்கள். கறி மணம் பிள்ளைகளின் பள்ளிக் கோட்டில் ஏறாமல் இருக்கவும் இதுவே வழி. காலையில் எழுந்ததும் யன்னல் கண்ணாடியை ஒரு பழைய துவாயால் துடைத்து, பிழிந்து ஊற்றுங்கள். கட்டிலையும் அலுமாரியையும் வெளிச்சுவரில் முட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்தால் ஈரத்தை உறிஞ்சும் என்பார்கள். உப்பு கொஞ்சம் உறிஞ்சும். ஒரு அறைக்கு அது போதாது.

ஆவியால் வந்த சிறு பூஞ்சணத்தை, அதாவது ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்ததை, நாமே துடைக்கலாம். கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடி, யன்னலைத் திறந்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துக்கள் காற்றில் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

இங்கேதான் பெரிய எச்சரிக்கை. பூஞ்சணம் போக வேண்டுமென்று பிளீச்சையும் வினாகிரியையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். தேசிக்காய்ப் புளியும், சுண்ணாம்பு அகற்றும் திரவங்களும் அப்படியே. பிளீச் எந்த அமிலத்துடன் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். 1915 இல் முதலாம் உலகப் போரில் நஞ்சாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்துடன் சேர்ந்தாலும் நச்சு வாயுவே வரும். யன்னல் பூட்டிய குளியலறையில் அது நுரையீரலை எரித்துவிடும். தவறிக் கலந்துவிட்டால் கழுவ நிற்காமல் உடனே வெளியே வாருங்கள். மூச்சு முட்டினால் 999, ஆலோசனைக்கு 111.

துடைத்தும் மீண்டும் வந்தால்

கூரை ஒழுகினாலோ, குழாய் கசிந்தாலோ, சுவரில் ஈரம் ஏறினாலோ, காற்றோட்டமே இல்லாவிட்டாலோ எந்தக் கைமுறையும் உதவாது. “நீங்கள் சமைக்கும் முறைதான் காரணம்” என்று வீட்டுக்காரர் சொன்னால் நாம் தலைகுனிந்து திரும்புவதே வழக்கம். 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் சூடானில் இருந்து வந்தவர்கள். தந்தை பல முறை முறையிட்டிருந்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறையே காரணம் என்று கருதப்பட்டது. வீட்டில் நீண்டகாலம் இருந்த பூஞ்சணமே குழந்தையின் இறப்புக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார்.

அந்தக் குழந்தையின் பெயரால் அமைந்த சட்டம் 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. பாரதூரமான ஈரமும் பூஞ்சணமும் பற்றி அறிவித்தால் 10 வேலைநாட்களுக்குள் வீட்டு உரிமையாளர் ஆராய வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். தனியார் வாடகை வீட்டில் இருப்பவர்கள் தமது கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவிடம் முறையிடலாம். வாயால் சொல்லி விடாதீர்கள். திகதியுடன் படம் எடுங்கள், எழுத்தில் அனுப்புங்கள், பிரதி ஒன்றை வைத்திருங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் பிள்ளைகளையோ அயலவரையோ எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

வினாகிரிப் போத்தலும் பழைய துவாயும் எம் கையில் இருக்கின்றன. அவற்றால் முடிந்ததை நாம் செய்வோம். முடியாததற்கு ஒரு கடிதம் எழுதுவோம். இரண்டையும் எமது பிள்ளைகளுக்கும் பழக்கி வைப்போம்.