கால் நகச் சொத்தை

உங்கள் கால் பெருவிரலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நகம் எப்படி இருக்கிறது? வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்கிறதா? நல்லது. மஞ்சளாகி, தடித்து, ஓரம் உதிர்ந்து இருக்கிறதா? நகத்துக்கு அடியில் தவிடு போல ஏதாவது சேர்ந்து இருக்கிறதா? அப்படியானால் இதை முழுவதும் படியுங்கள்.

இதை நாம் நகச் சொத்தை என்கிறோம். முதலில் இதில் வலி இருக்காது. அதனால் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஐந்து வருடம், பத்து வருடம் என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆண்கள் செருப்பை மாற்றி ஷூ போடுகிறார்கள். பெண்கள் மருதாணி வைத்து மறைக்கிறார்கள். மறைக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும்.

உள்ளே இருப்பது என்ன?

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகும்? சில நாளில் மேலே வெள்ளையாகப் பூசணம் பூக்கும். மழைக்காலத்தில் தோல் செருப்பை மூலையில் போட்டு வைத்தாலும் பூக்கும். பூசணம் என்பது காளான் இனத்தைச் சேர்ந்தது. காளான் என்றால் குடை போல முளைப்பது மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத காளான்களும் உண்டு. அவற்றில் சில நம் தோலையும் நகத்தையும் தின்று வாழ்கின்றன. படர்தாமரை வருவதும் இந்தக் காளானால்தான்.

இந்தக் காளானுக்கு வேண்டியது ஈரமும் வெதுவெதுப்பும். இரண்டும் எங்கே கிடைக்கும்? நாள் முழுவதும் மூடிய காலில் கிடைக்கும்.

நான் இருப்பது மூணாறு பக்கம். இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களில் மிகப் பலர் தமிழர்கள். ஜூன் மாதம் மழை பிடித்தால் விடாது. கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் ரப்பர் பூட்ஸ் போடுகிறார்கள். அட்டைக்குப் பயந்து உள்ளே சாக்ஸும் போடுகிறார்கள். காலையில் போட்டால் மாலையில்தான் கழற்றுவார்கள். கழற்றும்போது விரல்கள் வெளுத்து, ஊறிப் போய் இருக்கும். முதலில் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. அரிக்கிறது, தோல் உரிகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால், அங்கே இருக்கும் காளான் மெல்ல நகத்துக்கு அடியில் புகுந்துகொள்கிறது.

தோட்டத்து வேலை மட்டும் அல்ல. நடவு நடுபவர்கள், மீன் கழுவுபவர்கள், ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பவர்கள், ஆலையில் நாள் முழுவதும் ஷூ போட்டு நிற்பவர்கள், எல்லோருக்கும் இது வரும். வயதானவர்களுக்கு அதிகம் வரும். அவர்களுக்கு நகம் மெதுவாகத்தான் வளரும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். மெட்டி போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மெட்டிக்கு அடியில் ஈரம் தங்கும். குளித்த பிறகு மெட்டியை நகர்த்தித் துடைப்பது நல்லது.

நகம்தானே என்று விடலாமா?

விடக் கூடாது. காளான் ஒரு நகத்தோடு நிற்காது. அடுத்த நகத்துக்குப் போகும். அதே குளியலறை, அதே மிதியடி, அதே நகவெட்டி என்று வீட்டில் மற்றவருக்கும் போகும். நகம் தடித்துவிட்டால் செருப்புக்குள் அழுத்தும், வலிக்கும். விரல் இடுக்கில் தோல் வெடித்தால் வேறு கிருமிகள் உள்ளே போகும். கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆபத்து. எங்கள் லயத்தில் ஒரு மாமா இருந்தார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரை வியாதி நாளாக நாளாக நரம்பைக் கெடுக்கும். அதனால் உணர்ச்சி போய்விடும். தடித்த நகத்தை அவர் பழைய பிளேடால் சீவினார். சதையும் வெட்டுப்பட்டது. அவருக்கு வலிக்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் பார்த்தார்கள். அவருடைய பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சொத்தை நகம் அவர் விரலைத் தின்னவில்லை. பிளேடும், ஆறாத புண்ணும்தான் தின்றன.

உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், சொத்தை நகத்தை நீங்களே சீவ வேண்டாம். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கை மருந்து பலிக்குமா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேப்பெண்ணெய், மஞ்சள், பூண்டு ஆகியவற்றுக்குக் காளானைக் கொல்லும் சக்தி கொஞ்சம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் தட்டில் வைத்துப் பார்த்தால் அது தெரியும். ஆனால் உங்கள் கால் ஒரு தட்டு அல்ல. காளான் இருப்பது நகத்துக்கு அடியில். நகம் வீட்டு ஓடு மாதிரி. ஓட்டின் மேல் எண்ணெய் ஊற்றினால் வீட்டுக்குள் இருக்கும் எலி சாகுமா? அதனால் தோலில் வரும் அரிப்புக்கு உதவுவதுகூட நகத்தில் உதவுவது இல்லை.

மஞ்சளில் இன்னொரு தொல்லை உண்டு. நகம் மஞ்சளாகிவிடும். நோய் குறைகிறதா, கூடுகிறதா என்றே தெரியாது. மருதாணியும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் சொத்தை நகத்தில் மருதாணி வைக்க வேண்டாம். பூண்டை அரைத்து இரவு முழுவதும் வைத்துக் கட்டாதீர்கள். தோல் வெந்து கொப்புளம் வரும். தேங்காய் எண்ணெய் தடவினால் கெடுதல் இல்லை. வெடித்த தோல் மிருதுவாகும், அவ்வளவுதான்.

வினிகரில் தண்ணீர் கலந்து கால் ஊற வைக்கிறார்கள் சிலர். அதனால் நகச் சொத்தை தீரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. பேட்டரி ஆசிட், மண்ணெண்ணெய், கொதிக்கும் எண்ணெய் இவற்றையும் சிலர் முயன்று பார்க்கிறார்கள். இவை மருந்தே அல்ல. விரலை எரித்துவிடும்.

எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் சொருகும் வழக்கம் நமக்குத் தெரியும். அது நகச்சுற்றுக்குச் செய்வது. நகச்சுற்று வேறு, நகச் சொத்தை வேறு. நகச்சுற்றில் நகத்தைச் சுற்றிச் சதை வீங்கி, சீழ் வைத்து, விண் விண் என்று வலிக்கும்.

கை மருந்தில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். நகம் மிருதுவாகும். பிறகு நேராக வெட்டுங்கள், அரத்தால் தேயுங்கள். நகம் மெலிந்தால் வலி குறையும், மருந்தும் உள்ளே போகும். சர்க்கரை உள்ளவர்கள் இதையும் செய்ய வேண்டாம். தண்ணீரின் சூடு அவர்கள் காலுக்குத் தெரியாது.

முதலில் பரிசோதனை

கெட்ட நகம் எல்லாம் காளான் அல்ல. கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறைய பாதிதான் காளானால் கெட்டவை. கல் விழுந்தாலும் நகம் தடிக்கும். இறுக்கமான ஷூ இடித்தாலும் தடிக்கும். சொரியாசிஸ் என்ற தோல் நோயிலும் நகம் இப்படி ஆகும். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அதனால் மாத்திரை தொடங்கும் முன் நகத்தைப் பரிசோதிக்க வேண்டும். இது எளிது. நகத்தில் ஒரு துண்டு வெட்டி, அடியில் உள்ள தூளையும் சுரண்டி எடுப்பார்கள். ஒரு திரவத்தில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். காளான் நூல் நூலாகத் தெரியும். சில சமயம் அதை வளர்த்தும் பார்ப்பார்கள். அதற்குச் சில வாரம் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. எங்களைப் போல மலையில் இருப்பவர்களுக்குக் கோட்டயத்திலும் தேனியிலும் இருக்கிறது. ஒரு நாள் கூலி போகும்தான். ஆனாலும் தவறான மாத்திரையை மூன்று மாதம் வாங்கித் தின்பதைவிட இது மேல்.

என்ன மருந்து?

நகத்தில் கொஞ்சம்தான் கெட்டிருக்கிறதா? அப்போது நகத்தில் பூசும் மருந்து தருவார்கள். நகப்பூச்சு போலவே இருக்கும். அமோரால்ஃபின் என்பது ஒன்று. வாரம் ஒருமுறை அல்லது இருமுறை பூச வேண்டும். ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று பூச வேண்டும். இடையில் விட்டால் பயன் இல்லை. தடித்த நகத்தைக் கரைக்க யூரியா களிம்பும் தருவார்கள். ஆமாம், வயலுக்குப் போடும் அதே யூரியாதான். ஆனால் களிம்பு பக்குவமாகச் செய்தது. உர மூட்டையில் இருந்து எடுத்துத் தடவாதீர்கள்!

நகம் அதிகம் கெட்டிருந்தால் மாத்திரை. டெர்-பி-னா-ஃபின். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கால் நகத்துக்குப் பெரும்பாலும் இதைத்தான் முதலில் தருகிறார்கள். தினம் ஒன்று வீதம் 12 வாரம் சாப்பிட வேண்டும். இட்-ர-கோ-ன-சோல் இன்னொன்று. இதை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிடும் முறையும் உண்டு.

இந்த மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மஞ்சள் காமாலை வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால், குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இதய பலவீனம் உள்ளவர்கள் இட்ரகோனசோல் சாப்பிடக் கூடாது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் காட்டுங்கள். மருந்து சாப்பிடும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனால், வாந்தி நிற்காமல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரை அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். நாம் தமிழில்தானே படிக்கப் பழகினோம். அதனால் டாக்டர் சொல்லும் பெயரை நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் மாத்திரை வாங்கும்போது, "இதன் பெயர் என்ன?" என்று கேட்டு ஒத்துப் பாருங்கள்.

கடையில் போய், "அரிப்புக்கு ஏதாவது களிம்பு கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும். ஆனால் காளான் சாகாது, படரும். தோலும் மெலிந்துபோகும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டு விதி கொண்டுவந்தது. கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது.

ஒரு வருடம் ஏன்?

எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அக்கா ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார்.

"ஒரு மாசம் முழுங்கியாச்சு டீச்சர். நகம் அப்படியேதான் இருக்கு. எதுக்கு வீண் செலவு?"

"அக்கா, வெட்டிப் போட்ட நகத்துக்கு உயிர் இருக்கா?"

"இல்லையே."

"விரல்ல இருக்கிற நகமும் அப்படித்தான். கெட்டது கெட்டதுதான். மருந்து அதை நல்லதா ஆக்காது. அடியில இருந்து புதுசா வர்ற நகத்தைத்தான் காப்பாத்தும்."

"அது எப்ப வரும்?"

கால் நகம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். ஓர் அரிசியின் அகலம்கூட இல்லை. கெட்ட நகம் முழுவதும் தள்ளிக்கொண்டு வெளியே போக 12 முதல் 18 மாதம் ஆகும். மாத்திரையை மூன்று மாதத்தில் நிறுத்தினாலும் மருந்து நகத்துக்குள் தங்கி வேலை செய்யும். ஆனால் அந்த மூன்று மாதத்தை முடிக்க வேண்டும். அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். நகத்தில் நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேரும் இடத்தில் அரத்தால் லேசாக ஒரு கோடு போடுங்கள். மாதா மாதம் பாருங்கள். கோடு நுனியை நோக்கி நகரும். கோட்டுக்குப் பின்னால் வருவது இளஞ்சிவப்பாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தால் டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். அக்கா மறுபடி டாக்டரிடம் போய்க் கேட்டு மாத்திரையைத் தொடங்கினார். கோட்டைக் காலண்டரில் குறித்து வருகிறார்.

எல்லோருக்கும் முழுதாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது. டெர்பினாஃபின் மருந்தை ஆய்வு செய்தபோது, 10 பேரில் 7 பேருக்குக் காளான் போனது. நகம் முழுதும் பழையபடி ஆனது ஏறக்குறைய 4 பேருக்குத்தான். நகத்தைப் பிடுங்கி எடுத்தால் மட்டும் தீராது. புது நகத்திலும் காளான் ஏறும். நகரங்களில் லேசர் வைத்தியம் என்று விளம்பரம் செய்கிறார்கள். செலவு அதிகம், பலன் உறுதி இல்லை.

திரும்ப வராமல் இருக்க

குணமானாலும் பலருக்கு இது திரும்ப வருகிறது. காளான் பழைய பூட்ஸிலும் சாக்ஸிலும் காத்திருக்கும். சாக்ஸ் இரண்டு ஜோடியாவது வேண்டும். நனைந்ததை மறுநாள் போடக் கூடாது. மழை நாளில் பூட்ஸ் காயாது. வீட்டுக்கு வந்ததும் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எடுத்துவிடலாம். அடுப்புக்கு மிக அருகில் வைக்காதீர்கள், ரப்பர் இளகிவிடும். காலைக் கழுவினால் விரல் இடுக்குகளைத் துணியால் துடையுங்கள். சேற்றுப்புண் வந்தால் அன்றைக்கே கவனியுங்கள். சொத்தை நகம் உள்ளவருக்கு வீட்டில் தனி நகவெட்டி இருக்கட்டும். அதில் அவர் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள்.