கட்டற்ற மென்பொருளும் வணிகமும்

லாயாங் லாயாங் போன்ற சிற்றூரில் ஊரார் ஒன்றுகூடிக் கூட்டுப்பணியாகத் திடல் ஒன்றைச் சீர்செய்வதாக வைத்துக்கொள்வோம். பின்னர் ஒருவர் மட்டும் அத்திடலுக்கு வேலியிட்டால் மற்றவர் மனம் ஒப்புமா? லினக்ஸ் இயங்குதளத்தைச் சுற்றி எழுந்த விவாதமும் இத்தகையதே.

1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் மூல நிரலை ஆராய்ந்து மாற்றவும், பிறரோடு பகிரவும், மாற்றியதை வெளியிடவும் அனைவருக்கும் உரிமை வேண்டும் என்பதே அவரது கொள்கை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸும் மறு ஆண்டே குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவச மென்பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். மலாய்மொழியில் 'பெர்சுமா' வேறு, 'பெபாஸ்' வேறு அல்லவா? அதுபோல இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இவ்வுரிமம் மென்பொருளை விற்பதைத் தடுக்கவில்லை. எனவே, சில வணிக நிறுவனங்கள்மீது எழும் கண்டனம் விலையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது.

2006 நவம்பரில், சூசே லினக்ஸை வெளியிட்டுவந்த நோவெல் நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. நோவெலின் வாடிக்கையாளர்மீது காப்புரிமை வழக்குத் தொடுப்பதில்லை என மைக்ரோசாஃப்டு உறுதியளித்தது. தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். பலர் உழைப்பில் உருவான மென்பொருளில், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு மட்டும் பாதுகாப்பு என்பது நியாயமா என ஆர்வலர்கள் கேட்டனர். இதனால், 2007-இல் வெளிவந்த பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு எதிரான விதி சேர்க்கப்பட்டது.

2023 ஜூனில் ரெட் ஹேட் நிறுவனம், தன் வணிகப் பதிப்பின் முழு மூல நிரலையும் வாடிக்கையாளருக்கு மட்டுமே வழங்கப்போவதாக அறிவித்தது. மென்பொருளைப் பெற்றவருக்கு நிரலையும் தருவதால் உரிமம் மீறப்படவில்லை என்பது அதன் வாதம். ஆனால், அந்நிரலைப் பிறருக்குப் பகிர்ந்தால் சந்தா நிறுத்தப்படலாம். பகிரும் உரிமை இருந்தும் அஞ்சிப் பயன்படுத்த இயலாவிட்டால் அதனால் பயன் என்ன என்பதே ஆர்வலர்களின் கேள்வி.

மறுபுறம், இந்நிறுவனங்களின் பொறியாளர்கள் எழுதும் நிரல்களால் லினக்ஸ் வளர்கிறது என்பதையும் மறுக்க இயலாது. ஆகவே, மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டுமன்றி, அது நமக்கு வழங்கும் உரிமைகளையும் ஆராய்வது நம் கடமையாகும்.