கடற்கரை மாளிகையும் மலைநாட்டு லயங்களும்

ஒரு கட்டடத்தின் வரலாறு அதனைக் கட்டியோன் வாழ்நாளோடு முடிவதன்று. குடியிருப்போர் மாறுவர், பயனும் மாறும். இம்மாற்றங்கள் நாட்டின் சமுதாய வரலாற்றையே உணர்த்தவல்லன. கொழும்புக்குத் தெற்கே, கல்கிசைக் கடலோரப் பாறைமீது நிற்கும் மவுண்ட் லவினியா மாளிகை இதற்குத் தக்க சான்றாகும்.

1805 முதல் 1811 வரை இலங்கைத் தேசாதிபதியாக விளங்கிய சேர் தோமஸ் மெயிற்லண்ட் 1806-இல் அவ்விடத்தைப் பெற்று இல்லம் அமைத்தார். லொவினா என்னும் நடனமாதின்மீது அவர் கொண்ட காதலே இப்பெயருக்குக் காரணம் என்பது செவிவழிக் கதை. 1824 முதல் 1831 வரை ஆட்சிபுரிந்த சேர் எட்வேட் பார்ண்ஸ் அவ்வில்லத்தைப் பெருமாளிகையாக விரித்துக் கட்டினார்.

இந்தப் பார்ண்ஸ் நம் மலைநாட்டுக்கும் புதியவரல்லர். கேகாலை வழியாகக் கடுகண்ணாவைக் கணவாயேறிக் கண்டி செல்லும் பெருவீதி அவர் முயற்சியால் எழுந்தது. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறையில் மக்கள் அவ்வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவரே கன்னொறுவையில் கோப்பித் தோட்டமும் திறந்தார். கோப்பி பெருகவே, தென்னிந்தியத் தொழிலாளர் கடல் கடந்து, கால்நடையாகக் காடுகளூடே மலையேறினர்.

மாளிகைக்கான பெருஞ்செலவை இலண்டன் அரசு விரும்பவில்லை; 1842-இல் அது விற்கப்பட்டது. 1877-இல் கடலோரப் புகையிரதப் பாதை வந்தபின், ஒருவர்க்கென எழுந்த மனை பணம் செலுத்தும் எவர்க்கும் உரிய விடுதியாயிற்று. 1957-இல் வெளிவந்த, குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படத்தில் மருத்துவமனையாகத் தோன்றுவதும் இதுவே. அப்படத்தின் பாலமோ நம் கேகாலை மாவட்டத்துக் கித்துள்கலையில் அமைக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. ஆர்க்காட்டு நவாபு 1768-இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை, 1855-இல் நவாபு ஆட்சிப்பட்டம் ஒழிந்தபின் அரசாங்க அலுவலகமாயிற்று.

இனி, அக்காலத்து மற்றொரு கட்டடத்தை நோக்குவோம். அது தோட்டத்து லயம். 1869-இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது, தேயிலையும் இறப்பரும் வந்தன, கம்பனிகள் மாறின, 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாகிப் பின் மீண்டும் தனியார் நிருவாகத்திற்குச் சென்றன. தனிவீடுகள் சில எழுந்தபோதிலும், புளத்கொகுபிட்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பல குடும்பங்கள் இன்றும் லயத்து அறைகளிலேயே வாழ்கின்றன. மாளிகையின் பயன் பலமுறை மாறிற்று; லயத்தின் பயனோ மாறவில்லை.

மாளிகைக்கு ஏடுகளும் படங்களும் உள. லயத்துக்கோ முதியோர் நினைவே ஏடு. அது மறையுமுன், எந்த லயம் எப்போது கட்டப்பட்டது, எவ்வூரார் அங்கு முதலிற் குடியேறினர் என்பவற்றைக் கேட்டெழுதி வைப்பது வரலாறு பயிலும் மாணவரின் கடனாகும்.