பழைய வாகனம் வாங்குமுன் கறளைப் பாருங்கள்

மஹய்யாவ பகுதியில் தங்கியிருந்துவிட்டு ஊர் திரும்பும் நீங்கள், சேமித்த பணத்தில் பழைய வாகனமொன்று வாங்க எண்ணலாம். புதிதாக மின்னும் பெயின்ட்டை நம்பிவிடாதீர்கள். துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடித்தகட்டில் வையுங்கள். மற்ற இடத்தைப்போல் ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி பூசியிருக்கலாம். விரிப்பைத் தூக்கித் தளத்தையும் அழுத்திப் பாருங்கள். செசி கறளால் உதிர்ந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மலைப்பாதையில் அது உயிராபத்து.

மேலோட்டமான கறளை நீங்களே சரிசெய்யலாம். இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஈரமின்றித் துடைத்து, அன்றைக்கே கறள் தடுப்புப் பிரைமர் பூசுங்கள். காய்ந்தபின் பெயின்ட் அடியுங்கள். கறள்மேல் நேரே அடித்த பெயின்ட் கொப்பளித்து உரியும். மன்னார், முல்லைத்தீவுக் கரையோரம் திரும்புவோர் வாகனத்தின் அடிப்பகுதியை அடிக்கடி நன்னீரால் கழுவவேண்டும், உப்புக்காற்று பொல்லாதது.